நைட்ரஜனிலிருந்து எழுபது மரபணு வரை

ஆம்ஸ்டர்டாம் நகரில் பிளெஸ்மன்லான் சாலையில் இருக்கிறது ஆன்டனி வான் லேவன்ஹூக் மருத்துவமனை. புற்றுநோய்க்கென்றே நடக்கும் மருத்துவமனை அது. நெதர்லாந்து புற்றுநோய் நிறுவனமும் அதே வளாகத்தில்தான். 1984க்கும் 1995க்கும் இடையில் இங்கே மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்கள் பலரின் கட்டியிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்துத் திரவ நைட்ரஜனில் உறையவைத்தார்கள். அப்படி உறைந்த துண்டு ஒன்று கடந்துவந்த வழியைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். அந்தத் துண்டுக்குப் பெயர் கிடையாது, ஓர் எண் மட்டும் உண்டு.

மார்பகக் கட்டியை அகற்றியதும் அதன் பெரும்பகுதி ஃபார்மலினுக்குப் போகும். பிறகு மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்ப்பார்கள். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நோயறிதல் இப்படித்தான் நடந்து வருகிறது. திசுவின் வடிவத்தை ஃபார்மலின் அருமையாகக் காப்பாற்றும். ஆனால் உள்ளே இருக்கும் ஆர்.என்.ஏ.வைத் துண்டு துண்டாக்கி, வேதிக் கட்டுகளால் பிணைத்தும் விடும். அதனால்தான் பல மருத்துவமனைகள் கட்டியின் ஒரு சிறு பகுதியைத் தனியே உறையவைத்தன. 1980களில் அதற்கு நடைமுறைக் காரணமும் இருந்தது. கட்டியில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கிறதா என்று பார்க்கும் அன்றைய வேதிச் சோதனைக்கு உறைந்த திசுதான் வேண்டும். அந்தத் தேவைக்காக உறைந்த திசுக்கள் ஐரோப்பாவின் பல ஊர்களில் ஃப்ரீசர்களில் தங்கிவிட்டன.

ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒரே நேரத்தில் அளக்கும் கருவி அன்று உலகில் எங்குமே இல்லை. அந்தக் கருவியான மைக்ரோஅரே பற்றிய முதல் கட்டுரை ஸ்டான்ஃபோர்டிலிருந்து 1995இல்தான் வந்தது. அதிலும் அளக்கப்பட்டவை அராபிடாப்சிஸ் என்ற செடியின் 45 மரபணுக்கள் மட்டுமே. ஆம்ஸ்டர்டாம் துண்டுகளில் கடைசியானது உறைந்துகொண்டிருந்த ஆண்டும் அதுதான். என்ன கேள்விக்கு விடை சொல்லப்போகிறது என்று யாருக்கும் தெரியாத நிலையில் ஒரு பொருளை ஒழுங்காகக் காப்பாற்றுவது எளிதல்ல. உடனே பலன் தெரியும் வேலையை எல்லோரும் கவனமாகச் செய்வார்கள். பலன் தெரியாத வேலையை அத்தனை ஆண்டுகள் அதே கவனத்தோடு செய்தவர்கள்மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அவர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்தக் கட்டுரையிலும் இல்லை.

நம் உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுப்பு. ஒரு செல்லை இன்னொன்றிலிருந்து வேறுபடுத்துவது, அவற்றில் எவை இப்போது வேலை செய்கின்றன என்பதுதான். வேலை செய்யும் மரபணு தன்னைத் தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கும். எந்தப் படி எவ்வளவு இருக்கிறது என்று எண்ணினால் செல் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தது என்று தெரிந்துவிடும். மரபணு வெளிப்பாட்டை அளப்பது என்பது இதுதான். இந்தப் படிகள் நீண்ட நாள் இருக்கப் பிறந்தவை அல்ல. பல படிகள் சில மணி நேரத்திலும், வேறு சில நிமிடக் கணக்கிலும் சிதைந்துவிடும். செல்லுக்கு அது வசதி. சூழல் மாறியதும் பழைய உத்தரவுகள் தாமாகவே காலாவதியாகிவிடும். அதைப் படிக்க வருபவருக்குத்தான் கஷ்டம்.

அறுவை சிகிச்சை நிபுணர் கட்டிக்குப் போகும் ரத்தக் குழாயைக் கட்டும் நொடியிலேயே கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. கட்டி இன்னும் உடலுக்குள்தான் இருக்கிறது, சூடும் குறையவில்லை, ஆக்சிஜன் மட்டும் நின்றுவிட்டது. செல்கள் அப்போதே செத்துவிடுவதில்லை. ஆபத்து வந்துவிட்டது என்று உணர்ந்து வேறு மரபணுக்களை முடுக்குகின்றன. ஃபாஸ், ஜுன் போன்ற அவசரகால மரபணுக்கள் நிமிடங்களில் எழும்பும். ஆக்சிஜன் பற்றாக்குறையைச் சமாளிக்கும் மரபணுக்கள் பின்னால் வரும். கட்டி வெளியே வந்து தட்டில் காத்திருக்கும் நேரமெல்லாம் இது நடந்துகொண்டே இருக்கிறது. நமக்குத் தெரிய வேண்டியதோ, அது உடலில் இருந்தபோது என்ன செய்தது என்பது. தாமதமாக உறைந்த திசு கத்தி பட்ட பிறகு நடந்த கதையைத்தான் சொல்லும். இரண்டையும் பிரித்தறிய எந்தக் கணிதமும் முழுதாக உதவாது.

ஆம்ஸ்டர்டாமில் இதற்கு ஒரு வரம்பு இருந்தது: அறுவை முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் துண்டு திரவ நைட்ரஜனுக்குள் போயிருக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் நோயியல் மருத்துவருக்கு முதலில் வேறு கடமை இருக்கிறது. கட்டியின் அளவு, அதன் ஓரங்களில் புற்று எட்டியிருக்கிறதா என்பதெல்லாம் நோயாளிக்கு உடனே தெரியவேண்டிய செய்திகள். அவற்றைக் கெடுக்காத இடத்திலிருந்துதான் ஆய்வுக்கான துண்டை எடுக்க வேண்டும். எடுப்பது கட்டியாகவும் இருக்க வேண்டும். சுற்றியுள்ள கொழுப்பையோ, செத்துப்போன நடுப்பகுதியையோ எடுத்தால் பிற்பாடு உழைத்த உழைப்பெல்லாம் வீண். சில மில்லிமீட்டர் அளவுத் துண்டு அது. அதை எடுக்கும் கண்ணும் கையும் பழகியிருக்க வேண்டும்.

உறையவைப்பதிலும் நுணுக்கம் உண்டு. திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அதில் திசுவை அப்படியே போட்டால், திசுவின் சூட்டில் நைட்ரஜன் கொதித்து அதைச் சுற்றி ஒரு வாயு உறை உருவாகிவிடும். வாயு சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். எனவே எதிர்பார்த்ததைவிட மெதுவாகவே உறையும். பல ஆய்வகங்கள் இதற்காக ஐசோபென்டேன் என்ற திரவத்தை நைட்ரஜனால் குளிர்வித்து, அதில் திசுவை அமிழ்த்துகின்றன. மெதுவாக உறைந்தால் திசுவிலுள்ள நீர் பெரிய பனிப்படிகங்களாகி செல் சவ்வுகளைக் கிழித்துவிடும். உறைந்திருக்கும்வரை அதனால் ஆர்.என்.ஏ.வுக்குப் பெரிய நஷ்டம் இல்லை. உருகும்போதுதான் அதன் விலை தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

துண்டு சிறு குப்பியில் மூடப்பட்டு எண் எழுதப்படுகிறது. இந்த எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சாதாரணப் பேனா மை பனியில் நனைந்து ஆல்கஹால் பட்டால் அழிந்துவிடும். சாதாரணப் பசை மைனஸ் 80இல் செதில் செதிலாக உதிரும். லேபிள் விழுந்த குப்பிக்குள் உலகிலேயே சிறப்பாக உறைந்த திசு இருந்தாலும் அது எந்தப் பெண்ணுடையது, அவருக்குப் பிறகு என்ன ஆனது என்று சொல்ல முடியாவிட்டால் அதற்கு மதிப்பே இல்லை. ஆம்ஸ்டர்டாம் துண்டுகளின் உண்மையான பலம் இங்கேதான். ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் பல ஆண்டு மருத்துவக் குறிப்பு இருந்தது. யாருக்கு நோய் நுரையீரலுக்கோ எலும்புக்கோ பரவியது, யார் நலமாக இருந்தார்கள், எத்தனை ஆண்டுகள் என்பதெல்லாம் பதிவாகியிருந்தன. திசு ஃப்ரீசரில் அசையாமல் கிடக்க, அதற்கு வேண்டிய விடை வெளியே, அந்தப் பெண்களின் வாழ்க்கையில் மெல்ல எழுதப்பட்டுக்கொண்டிருந்தது.

1990களின் முடிவில் மூலக்கூறு உயிரியலாளர் லாரா வான்ட் வேர், புற்றுநோய் மரபியலாளர் ரெனே பெர்னார்ட்ஸ், நோயியலாளர் மார்க் வான் டெ வைவர் முதலானோர் ஒரு கேள்வியோடு இந்த ஃப்ரீசரைத் திறந்தார்கள். நிணநீர்க்கணுவுக்கு நோய் பரவாத இளம் பெண்களில் பெரும்பாலோருக்கு அறுவையும் கதிர்வீச்சுமே போதும். சிறு பகுதியினருக்கு மட்டும் நோய் பிற்பாடு வேறு உறுப்புகளில் தலைகாட்டும். யாருக்கு என்று முன்கூட்டியே தெரியாததால் ஏராளமான பேருக்குக் கீமோதெரபி கொடுக்கப்பட்டுவந்தது. முடி கொட்டுவது மட்டுமல்ல, கருவுறும் திறன் போவது, இதயம் பாதிக்கப்படுவது வரை கொண்டுபோகக்கூடிய மருந்துகள் அவை. தேவையில்லாத ஒருவருக்கு அவற்றைக் கொடுப்பது சிறிய தவறல்ல. அறுவை நடந்த அன்றே அந்தக் கட்டியின் மரபணுக்களில் விடை இருந்ததா?

துண்டு ஃப்ரீசரிலிருந்து வெளியே வரும் கட்டம்தான் அதன் பயணத்திலேயே மிகவும் ஆபத்தானது. ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதிகளை ஆர்.என்.ஏஸ் என்பார்கள். அவற்றின் கடினத்தன்மை நம்பமுடியாதது. கொதிக்கவைத்தாலும் குளிர்ந்ததும் மீண்டும் பழைய வடிவுக்கு மடிந்து வேலை செய்யத் தொடங்கிவிடும். நம் தோலிலும் வியர்வையிலும் அவை உண்டு. அதனால் கையுறை, தனிப் பிப்பெட், தனி மேசை என்று ஆய்வகங்களில் ஆசாரம் காப்பார்கள். அது வேண்டியதுதான். ஆனால் திசு வேலையில் பெரிய எதிரி கையில் இல்லை, திசுவுக்குள்ளேயே இருக்கிறான் என்பது என் கருத்து. உயிருள்ள செல்லில் அந்த நொதிகள் தனி அறைகளில் அடைபட்டிருக்கும். உறைந்தபோது பனிப்படிகங்கள் அந்த அறைகளின் சுவர்களை உடைத்திருக்கும். திசு உருகினால் நொதியும் ஆர்.என்.ஏ.வும் ஒன்றாகக் கலந்துவிடும். அதனால் உறைந்து உருகிய திசு, உறையாத புதுத் திசுவைவிட வேகமாகக் கெட்டுப்போகும். பதினைந்து ஆண்டுகள் காப்பாற்றியதை மேசைமேல் சில நிமிடங்களில் இழந்துவிடலாம்.

எனவே விதி ஒன்றே: நொதிகளைச் செயலிழக்கச் செய்யும் கரைசலுக்குள் போகும்வரை திசு உருகக் கூடாது. அந்தக் கரைசலின் உயிர்நாடி குவானிடினியம் தயோசயனேட். புரதங்களின் மடிப்பைக் குலைத்து நொதிகளை முடமாக்கிவிடும் உப்பு அது. அதோடு அமில ஃபீனாலையும் குளோரோஃபார்மையும் சேர்த்து ஒரே படியில் ஆர்.என்.ஏ.வைப் பிரிக்கும் முறையை ஹோம்சின்ஸ்கியும் சாக்கியும் 1987இல் வெளியிட்டார்கள். உலகெங்கும் ஆய்வகங்களில் இன்றும் அதன் வாரிசுகள்தான் பயன்படுகின்றன. ஆனால் பெரிய உறைந்த துண்டை அதில் போட்டால் வெளிப்புறம் கரையும். நடுப்பகுதியோ கரைசல் எட்டுவதற்கு முன்பே உருகிவிடும். சிலர் நைட்ரஜன் ஊற்றிய உரலில் திசுவை இடித்துப் பொடியாக்குவார்கள். சிலர் எஃகுக் குண்டுகளை வைத்துக் குலுக்கும் இயந்திரத்தைப் பயன்படுத்துவார்கள்.

ஆம்ஸ்டர்டாமில் தேர்ந்தெடுத்தது சீவும் முறை. கிரையோஸ்டாட் என்பது ஒரு குளிர்ப்பெட்டிக்குள் பொருத்திய சீவுகருவி. உள்ளே மைனஸ் 20 டிகிரி அளவில் இருக்கும். திசுவைச் சிறு உலோக வட்டில் ஒட்டிவைத்துச் சக்கரத்தைச் சுற்றினால், ஒவ்வொரு சுற்றுக்கும் திசு கத்தியை நோக்கிக் குறிப்பிட்ட மைக்ரான் அளவு முன்னேறி, சீவல் ஒன்று கத்தியின்மேல் வந்து விழும். அது வெங்காயச் சருகுபோலச் சுருளும். மார்பகத் திசுவில் இதுவும் லேசில் நடக்காது. கொழுப்பு மைனஸ் 20இல் சரியாக இறுகாமல் கத்தியில் பிசுக்கென்று ஒட்டும், சீவல் கிழியும். பெட்டியை இன்னும் குளிரவைக்க வேண்டும். அதிகம் குளிர்ந்தாலோ கட்டிப் பகுதி நொறுங்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு நிலையைக் கண்டுபிடித்துச் சீவுபவர் உட்கார்ந்திருப்பார்.

முதல் சீவல் ஆர்.என்.ஏ.வுக்கு இல்லை. அதற்குச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்து, அதில் உள்ள செல்களில் எத்தனை பங்கு புற்றுசெல் என்று நோயியலாளர் மதிப்பிடுவார். பிறகு 30 மைக்ரான் கனத்தில் 30 சீவல்கள். அவை நேரே கரைசல் குப்பிக்குள் போகும். அவ்வளவு மெல்லிய சீவல் கரைசலைத் தொட்டவுடன் கரைந்துவிடும், உருகிக் கிடக்க நேரமே இல்லை. இந்த முறையின் புத்திசாலித்தனம் அதுதான். கடைசியாக மீண்டும் ஒரு சீவல் சாயத்துக்கு. முதலும் முடிவும் இரண்டிலும் புற்றுசெல் பாதிக்கு மேல் இருந்தால்தான் அந்தத் துண்டு ஏற்கப்பட்டது. இல்லாவிட்டால் அளப்பது கட்டியை அல்ல, கட்டியைச் சுற்றியுள்ள கொழுப்பையும் நார்த்திசுவையும் ரத்த அணுக்களையும்தான். முப்பது சீவலையும் அடுக்கினால் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. அந்த அளவு திசுதான் செலவானது.

கரைசலில் குளோரோஃபார்ம் கலந்து குலுக்கிச் சுழற்றினால் குப்பிக்குள் மூன்று அடுக்குகள் பிரியும். அடியில் கரிமத் திரவம், நடுவில் வெள்ளையாகப் புரதமும் டி.என்.ஏ.வும், மேலே நிறமற்ற நீரில் ஆர்.என்.ஏ. மேலடுக்கைப் பிப்பெட்டால் உறிஞ்சி எடுக்க வேண்டும். முழுவதையும் எடுத்துவிட ஆசை வரும். நடுவிலுள்ள வெள்ளையைத் தொட்டுவிட்டால் டி.என்.ஏ.வும் கூடவே வந்துவிடும். கொஞ்சம் விட்டுவிடத் தெரிந்த கைதான் சுத்தமான ஆர்.என்.ஏ. எடுக்கும். ஐசோபுரொப்பனால் சேர்த்துச் சுழற்றியதும் குப்பியின் அடியோரத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு பசைப்புள்ளி ஒட்டியிருக்கும். அதை எத்தனாலில் கழுவி, ஆர்.என்.ஏஸ் இல்லாத நீரில் கரைத்து, எஞ்சிய டி.என்.ஏ.வை நொதியால் அகற்றுவார்கள். கிடைத்த ஆர்.என்.ஏ. நல்லதா என்று காட்டுவது ஜெல்லில் தெரியும் இரண்டு பட்டைகள், 28எஸ், 18எஸ் என்ற ரைபோசோம் ஆர்.என்.ஏ.க்கள். முதலாவது இரண்டாவதைவிட ஏறக்குறைய இருமடங்கு அடர்த்தியாக இருந்தால் நல்லது. பட்டைகள் மங்கி, கீழே புகைபோல் பரவியிருந்தால் எங்கோ ஒரு கட்டத்தில் திசு உருகியிருக்கிறது, அல்லது தாமதமாக உறைந்திருக்கிறது.

அதன்பின் திசு என்ற உருவம் போய்விடுகிறது. ஆர்.என்.ஏ. படியெடுக்கப்பட்டு, பெருக்கப்பட்டு, ஒளிரும் சாயம் ஏற்றப்பட்டது. அமெரிக்காவில் சியாட்டிலை அடுத்த கிர்க்லாந்தில் இருந்த ரோசெட்டா இன்ஃபார்மாட்டிக்ஸ் நிறுவனம் இந்த ஆய்வில் பங்காளி. ஏறக்குறைய 25,000 மரபணுத் துணுக்குகளை இங்க்-ஜெட் முறையில் பதித்த கண்ணாடிச் சில்லுகளில் அது ஊற்றப்பட்டது. கூடவே எல்லாக் கட்டிகளின் ஆர்.என்.ஏ.வையும் சம அளவில் கலந்த ஒரு பொதுக் கலவையும் வேறு நிறத்தில் ஊற்றப்பட்டது. ஒவ்வொரு புள்ளியிலும் எந்த நிறம் மேலோங்குகிறது என்று பார்த்து, பிறகு நிறங்களை மாற்றி மீண்டும் ஒருமுறை அளந்தார்கள். சாயத்தின் குணத்தைக் கட்டியின் குணமென்று நினைத்து ஏமாந்துவிடக் கூடாதல்லவா?

2002 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் முடிவு வந்தது. நிணநீர்க்கணுவுக்குப் பரவாத நோயுடைய, 55 வயதுக்குட்பட்ட 78 பெண்கள். 34 பேருக்கு ஐந்து ஆண்டுக்குள் நோய் தொலைவில் பரவியிருந்தது, 44 பேருக்குப் பரவவில்லை. இரு பிரிவையும் பிரித்துக்காட்டப் போதுமானவையாக 70 மரபணுக்கள் தேர்ந்துவந்தன. அதே ஆண்டு டிசம்பரில் அதே நிறுவனத்தின் திசு வங்கியிலிருந்து 53 வயதுக்குட்பட்ட 295 பெண்களின் உறைந்த துண்டுகளில் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். எழுபது மரபணுக்கள் நல்ல அடையாளம் காட்டிய 115 பேரில் பத்தாண்டு உயிர்வாழ்வு 94.5 சதவீதம். மோசமான அடையாளம் காட்டிய 180 பேரில் 54.6 சதவீதம். அந்த 295 பேரில் 61 பேர் முதல் ஆய்விலும் இருந்தவர்கள் என்று விமர்சகர்கள் சுட்டிக்காட்டினார்கள். நியாயமான விமர்சனம். என்றாலும் அந்த வேறுபாடு புறந்தள்ளக்கூடியது அல்ல.

2007 பிப்ரவரியில் இந்த எழுபது மரபணுச் சோதனைக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அனுமதி கிடைத்தது. அதே ஆண்டில் ஐரோப்பாவில் இதன் பயனை அளக்க மைண்டாக்ட் என்ற பெரிய மருத்துவ ஆய்வு தொடங்கியது. ஒன்பது நாடுகள், 112 மருத்துவமனைகள், 6,693 பெண்கள். இனி ஒரே கட்டடத்துக்குள் நடக்கும் வேலை இல்லை. நூறு ஊர்களிலுள்ள அறுவை அரங்குகளிலும் கட்டியை உடனே உறையவைத்து, உருகாமல் ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்ப வேண்டும். ஒரே ஆய்வகத்தின் பழக்கமாக இருந்த ஒழுங்கு கண்டம் முழுவதற்கும் பொது ஒழுங்காக வேண்டியிருந்தது. அதற்குள் ஒரு சிக்கலும் வந்தது. 2009 மே முதல் 2010 ஜனவரி வரை, ஆர்.என்.ஏ. பிரிக்கும் கரைசலில் ஏற்பட்ட ஒரு மாற்றம் அபாயக் கணக்கீட்டை ஒரு பக்கமாக நகர்த்திவிட்டது. குறைந்த அபாயத்தில் இருந்திருக்க வேண்டிய நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் அதிக அபாயப் பட்டியலில் இடம்பெற்றார்கள். பின்னர் அது கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தப்பட்டது, ஆய்வறிக்கையிலேயே வெளிப்படையாக எழுதவும்பட்டது. மரபணுக்கள் மாறவில்லை, சில்லுகள் மாறவில்லை, குப்பியிலிருந்த கரைசல் மட்டும் மாறியது. தயாரிப்பு வேலையை எடுபிடி வேலையாக நினைப்பவர்கள் இந்தப் பக்கத்தைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

2016இல் மைண்டாக்ட் முடிவு வந்தது. வழக்கமான அளவுகோல்களின்படி அதிக அபாயம், எழுபது மரபணுக்களின்படி குறைந்த அபாயம் என்று முரண்பட்டவர்கள் 1,550 பேர். அவர்களில் கீமோதெரபி இல்லாமல் விடப்பட்டவர்களில் 94.7 சதவீதம் பேருக்கு ஐந்தாண்டு வரை நோய் தொலைவில் பரவவில்லை. இதற்கிடையே 2015இல், ஃபார்மலினில் பதப்படுத்தி மெழுகில் பதித்த திசுவிலேயே இந்தச் சோதனையைச் செய்யும் வடிவத்துக்கும் அமெரிக்காவில் அனுமதி வந்துவிட்டது. எந்த மரபணுக்களைத் தேட வேண்டும் என்று உறைந்த திசு சொல்லிக்கொடுத்த பிறகு, சிதைந்த ஆர்.என்.ஏ.விலும் அவற்றைத் தேடிப்பிடிக்க முடிந்தது.

2021இல் எட்டாண்டுக் கணக்கு வந்தபோது இன்னொன்று தெரிந்தது. ஹார்மோன் ஏற்பி உள்ள, ஹெர்-2 என்ற புரதம் மிகையாக இல்லாத கட்டிகளில், முரண்பட்ட அதே பிரிவினரை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் கீமோதெரபி எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் வேறுபாடே இல்லை: எட்டாண்டு வரை நோய் தொலைவில் பரவாதவர்கள் 90.2, 90.0 சதவீதம். ஐம்பதும் அதற்குக் குறைந்த வயதும் உடையவர்களில் 93.6க்கு 88.6, அதாவது ஐந்து புள்ளி வேறுபாடு. அந்தப் பயன் மருந்து புற்றுசெல்லைக் கொன்றதால் வந்ததா, சினைப்பையின் ஹார்மோன் சுரப்பை நிறுத்தியதால் வந்ததா என்று மருத்துவர்கள் இன்னும் வாதிக்கிறார்கள். எழுபது மரபணுக்களைக் காட்டிக்கொடுத்த ஆம்ஸ்டர்டாம் துண்டுகள் அத்தனையும் இளம் வயதுப் பெண்களுடையவை. அவர்களில் யாருக்கு நோய் பரவும் என்பதை அந்தத் துண்டுகள் சொன்னன. யாருக்குக் கீமோதெரபி உதவும் என்பது வேறு கேள்வி. இளம் பெண்களைப் பொறுத்தவரை அதற்கு வேறு திசுக்களும் வேறு சோதனைகளும்தான் விடை சொல்ல வேண்டும்.